கசிப்பை விட்டு நாலு வருடம், நான் உளவளத்துணைக்குப் போகலாமா?

முறிகண்டித் தம்பி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கன காலமாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 33 வயது, மேசன் வேலை. 2009 இல் எனக்கு 17. அப்பாவையும் தங்கச்சியையும் புதுமாத்தளனில் விட்டுவிட்டு வந்தோம், விட்டுவிட்டு என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்கு விளங்கும். அம்மாவும் நானும் செட்டிகுளம் மெனிக்பாமில் ஒரு வருடத்துக்கு மேல் தறப்பாளுக்குள் இருந்துவிட்டு ஊருக்கு வந்தபோது, வீடு இருந்த இடத்தில் கிணறும் ஒரு தென்னையும்தான் நின்றன. அப்புறம் இந்திய வீட்டுத்திட்டம் வந்தது, எங்கே பார்த்தாலும் கட்டட வேலை, நான் சீமெந்து குழைக்கப் போய் மேசனாகிவிட்டேன். கையில் காசு புழங்கியது. பின்னேரம் வேலை முடிந்தால் கள்ளு, பிறகு சாராயம், கடைசியில் கசிப்பு. மோசமாகப் போனது ஆறு வருடம். கடைசி வருடத்தில் விடிய எழும்பினால் கை நடுங்கும், சாந்தகப்பையைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் ஏதாவது உள்ளே போக வேண்டும்.

நிறுத்தியது என் கெட்டித்தனத்தால் இல்லை. ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மற்ற விஷயமும் வெளியே வந்துவிட்டது, மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அங்கே வேலை செய்யும் ஒரு அண்ணா இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவார். குடிக்காதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கிணற்றடியில் இருந்து கதைப்போம். தங்கச்சியின் பெயரை நான் ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சொன்னது அந்தக் கிணற்றடியில்தான். இப்போது நாலு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது.

இப்போது என்னவென்றால், குடிக்கிற பெடியன்களின் அம்மாமார் என்னைத் தேடி வருகிறார்கள். "தம்பி, நீ விட்டனிதானே, என்ர பிள்ளைக்கும் ஒருக்காச் சொல்லு" என்கிறார்கள். எப்படி மாட்டேன் என்பது? நாலைந்து பேரோடு கதைத்திருக்கிறேன். போன மாதம் 24 வயதுப் பெடியன் ஒருவனை என் வீட்டிலேயே வைத்து நிறுத்தப் பார்த்தேன். வெளியே விடவில்லை, தேசிக்காய்த் தண்ணியும் கஞ்சியும் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். இரண்டாம் நாள் இரவு அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது. வாயில் நுரை, கண் மேலே போய்விட்டது. ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தோம், உயிர் தப்பிவிட்டான். அன்றைக்கிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை.

நான் ஓ.எல். எடுக்க வேண்டிய காலத்தில் இடப்பெயர்வு, பிறகு முகாமில் இருந்து எடுத்துப் பாஸ் பண்ணினேன், அதற்கு மேல் படிக்கவில்லை. உளவளத்துணையாளராக முறையாக வருவதற்கு எனக்கு வழி இருக்கிறதா? நான் அனுபவித்தது போதுமா, இல்லை இன்னும் ஏதாவது வேண்டுமா? அல்லது இந்த வேலையே எனக்குச் சரிவராதா? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

இரவு டியூட்டி:

தம்பி, நான் தாதிய உத்தியோகத்தர், வன்னியில்தான் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்கிறேன். மற்றவர்கள் மற்றதைச் சொல்வார்கள், வலிப்பு விஷயத்தை மட்டும் நான் முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வாசிக்கிற வேறு யாரும் வீட்டில் இதே வேலையைச் செய்துவிடக் கூடாது.

நாள்தோறும் கடுமையாகக் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால், ஆறு மணித்தியாலத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். அதையும் தாண்டி இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைக்கும் இன்னொரு ஆபத்து இருக்கிறது: ஆள் தடுமாறுவார், சுவரில் பூச்சி ஊருகிறது என்பார், இல்லாத ஆட்களோடு கதைப்பார், காய்ச்சல் ஏறும், நாடித் துடிப்பு எகிறும். இதைத்தான் ஊரில் "பேய் பிடிச்சிட்டு" என்று சொல்லி நூல் கட்டக் கொண்டுபோகிறார்கள். வைத்தியம் செய்யாவிட்டால் இதில் உயிரே போகும். நீங்கள் கொண்டுபோய்ச் சேர்த்தீர்களே, அது சரியான வேலை. உங்களுக்குத் தெரியாத ஒன்றில் பிழை விட்டீர்கள், தெரிந்தவுடன் ஓடினீர்கள்.

ஆஸ்பத்திரியில் டயசிபாம் வகை மருந்தை முதலில் கூடுதலாகக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்போம். விற்றமின் பி1 ஊசியாகப் போடுவோம். குடிகாரருக்குச் சோறே இறங்குவதில்லை, அந்த விற்றமின் உடம்பில் வற்றிப்போயிருக்கும், அதைக் கவனிக்காமல் வெறுமனே குளுக்கோஸ் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். கசிப்பு என்றால் இன்னும் கவனம், எதைப் போட்டுக் காய்ச்சினார்கள் என்று குடித்தவருக்கே தெரியாது.

ஹெரோயின், ஐஸ் என்று வருகிற பெடியன்களும் இப்போது உண்டு, அது வேறு கதை. ஹெரோயினை நிறுத்தும்போது உடம்பு முறித்து எடுக்கும், வாந்தி, வயிற்றோட்டம். அதைவிட நான் பயப்படுவது, இரண்டு மூன்று கிழமை விட்டிருந்துவிட்டுப் பழைய அளவையே மறுபடியும் எடுப்பதற்குத்தான், அந்த இடைவெளிக்குள் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும், மூச்சு நின்றுவிடும். ஐஸ் விட்டவன் நாள் கணக்கில் தூங்குவான், பிறகு மனம் விழுந்துபோகும், சாகப் போகிறேன் என்று கதைப்பான். அந்தக் கதையைச் சும்மா கதை என்று விடக் கூடாது. 1926 என்ற இலக்கம் அங்கொடையில் இருக்கும் தேசிய மனநல நிறுவகத்தினுடையது, எந்த நேரமும் எடுக்கலாம். உங்கள் போனில் போட்டு வையுங்கள்.

கரைச்சி அக்கா:

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். நான் இந்த வேலையில் பதின்மூன்று வருடமாக இருக்கிறேன். உளவளத்துணை என்பார்கள், சீர்மியம் என்பார்கள், ஆற்றுப்படுத்தல் என்பார்கள், சனத்துக்கு எல்லாம் "கதைக்க வாற மிஸ்"தான்.

நான் வந்த வழியைச் சொல்கிறேன், அதில் நான் விட்ட பெரிய பிழையையும் சொல்கிறேன். என் கணவர் 2009 மே மாதத்தில் காணாமல் போனவர். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு ஒன்றரை வயது. மீள்குடியேறிய பிறகு ஒரு நிறுவனத்தில் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதும் வேலை கிடைத்தது, அப்படியே அவர்கள் தந்த பயிற்சிக்குப் போய், பிறகு கூடுதலாகப் படித்து, இந்தத் துறைக்குள் வந்துவிட்டேன். பயிற்சியில் எல்லோரும் என்னைப் பார்த்து, உங்களுக்குத்தான் இந்தச் சனத்தின் வலி தெரியும் என்றார்கள். நானும் நம்பினேன்.

முதல் வருடம். தருமபுரம் பக்கம் ஒரு அம்மா, அவவுடைய மகனும் என் கணவரைப் போலவே. அவ ஒரு சொப்பிங் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தா, உள்ளே மகனுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சேட், மடித்த மடிப்பில் மஞ்சள் கோடு விழுந்திருந்தது. அதை எடுத்து என் கையில் தந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. "அம்மா, எனக்கும் இதே கதைதான்" என்று தொடங்கி என் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். அவ சேட்டைப் பையில் திருப்பி வைத்துவிட்டு எழும்பிப் போய் எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தா. என் தலையைத் தடவினா. நான் நல்ல வேலை செய்துவிட்டேன் என்ற நினைப்போடு மோட்டார் சைக்கிளில் திரும்பினேன்.

எங்களுக்கு மேற்பார்வைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வயதான மிஸ் வருவா. அவவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டா: "அந்த முக்கால் மணித்தியாலத்தில் யார் யாரை ஆற்றினது, பிள்ளை?"

எனக்கு முகம் விழுந்துபோனது. அந்த அம்மா தன் மகனைப் பற்றிச் சொல்ல வந்தவ, சேட்டை எடுத்ததோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கிவிட்டா. அடுத்த முறை நான் போனபோது பையை வெளியே எடுக்கவே இல்லை. பிள்ளைகள் எப்படி மிஸ், சாப்பிட்டீங்களா மிஸ் என்று என்னையே விசாரித்தா. அந்தப் பையைத் திரும்பவும் பார்க்க எனக்கு ஏழு மாதம் எடுத்தது.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான். நீங்கள் பட்டது உங்களை அந்தப் பெடியன்களின் வாசல் வரைக்கும் கொண்டுபோகும், வேறு யாருக்கும் திறக்காத கதவு உங்களுக்குத் திறக்கும், அது சின்ன விஷயம் இல்லை. உள்ளே போய் இருந்த பிறகு அது அவனுடைய கதை. அவனுடைய குடி உங்களுடைய குடி மாதிரி இருக்காது. நீங்கள் தங்கச்சிக்காகக் குடித்திருப்பீர்கள், அவன் கடன்காரனுக்காகக் குடிக்கலாம், அல்லது அவனுக்கே தெரியாத ஒன்றுக்காக. உங்களுக்குச் சரிவந்த வழியை அவனுக்கும் போட்டால் அளவு பாராமல் தைத்த சட்டை மாதிரி எங்கேயாவது பிடிக்கும்.

அந்த மிஸ் என்னை அத்தோடு விடவில்லை. நீ முதலில் யாரிடமாவது போய்க் கதை என்று அனுப்பினா. ஒரு வருடம், மாதம் ஒருமுறை, பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் நான் அழுதுவிட்டு வந்தேன். அங்கேதான் போலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர் சொன்ன ஒன்றைக் கேள்விப்பட்டேன்: ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத இழப்பு வேறு வகை, அதற்கு முடிவு கட்டச் சொல்லி யாரையும் நெருக்கக் கூடாது. எனக்கு அது பெரிய ஆறுதல். நான் இன்றைக்கும் பொட்டு வைக்கிறேன், திவசம் செய்யவில்லை. செய்யச் சொல்லி ஊரே சொன்ன காலம் உண்டு. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தாய்மார் போராட்டம் தொடங்கியபோது நானும் போய் இருந்தேன், மிஸ்ஸாக இல்லை, ஒரு பெண்சாதியாக. இரண்டையும் பிரித்து வைக்க அதற்குள் பழகிவிட்டேன்.

உங்களுக்கும் அந்தக் கிணற்றடி அண்ணா இருக்கிறாரே, அவரை விடாதீர்கள். வலிப்பு வந்த இரவைப் பற்றி அவரிடம் கதைத்துவிட்டீர்களா? நித்திரை வராமல் இருப்பது அதனால்தான்.

அப்புறம் இன்னொன்று. ஆளை மட்டும் பார்த்தால் வன்னியில் ஒன்றும் விளங்காது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றி எழுதும்போது இதைத்தான் அழுத்திச் சொல்கிறார், காயம் தனி ஆளுக்கு மட்டும் இல்லை, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்துத்தான் என்று. நான் அனுபவத்தில் கண்டது: ஒரு பெண் புதன்கிழமை இரவில் மட்டும் நித்திரை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தா. கெட்ட கனவா, ஷெல் சத்தமா என்று நான் யுத்தத்தைத் தோண்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது சந்திப்பில்தான் கேட்டேன், வியாழக்கிழமை என்ன நடக்கும் என்று. நுண்கடன் காசு எடுக்க வருகிறவர்கள் வியாழன் காலையில் வருவார்கள். மூன்று இடத்தில் கடன், ஒன்றைக் கட்ட மற்றதில் எடுத்தது. மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்து அதைத் தீர்க்க முடியாது. பிரதேச செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் யாரோடு கதைக்கலாம் என்று பார்த்தோம், சங்கத்தில் இருக்கிற பெண்களோடு சேர்த்துவிட்டோம். கதைப்பது பாதி, அலைவது பாதி.

வழி கேட்டீர்கள். சீதுவையில் இருக்கும் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் உளவளத்துணை டிப்ளோமா நடத்துகிறது. தகைமையை அந்தந்த வருட அறிவித்தலில் பார்த்து விண்ணப்பியுங்கள். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் நீண்ட காலமாக இந்தத் துறையில் இருக்கிறது, பயிற்சிகள் பற்றி அங்கேயும் விசாரிக்கலாம். பிரதேச செயலகங்களில் இருக்கும் உளவளத்துணைப் பதவி உங்கள் இப்போதைய படிப்போடு கிடைப்பது கஷ்டம், அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஏ.எல். ஐத் தனியாகவே எடுக்கலாம், 33 ஒரு வயதா? அது நடக்கும் வரை மனநலப் பிரிவோடு தொண்டராக ஒட்டிக்கொள்ளுங்கள். தனியாக ஒரு ஆளையும் வீட்டில் வைத்து நிறுத்த வேண்டாம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், புத்தகத்தில் இருக்காது. யாருடைய வீட்டு வாசலிலும் மோட்டார் சைக்கிளை நிறுத்தாதீர்கள். எங்கள் ஊரில் "அந்த மிஸ்ஸின்ர சைக்கிள் நிக்குது" என்றாலே அந்த வீட்டில் யாருக்கோ விசர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நான் கடையடியில் விட்டுவிட்டு நடந்து போவேன்.

விசுவமடு வாசகி:

நான் மறுபக்கத்தில் இருந்தவள், அதனால் எழுதுகிறேன். கரைச்சி அக்கா எழுதியதை வாசித்தபோது எனக்குக் கோபமும் வந்தது, ஆறுதலும் வந்தது.

2010க்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த நிறுவனங்களை எண்ணி முடியாது. ஒவ்வொருவரும் ஒரு படிவம். யார் செத்தது, எப்படிச் செத்தது, எந்த இடம், எத்தனை மணி. மூன்று தரம் மூன்று பேருக்கு என் அண்ணாவின் சாவைச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது பாடமாக்கின மாதிரி வந்தது, எனக்கே அருவருப்பாக இருந்தது. அதில் ஒருவ, பெயர் வேண்டாம், நல்ல மனிசி, எனக்குக் கை காட்டிச் சொன்னா: "நானும் உங்களை மாதிரித்தான் தங்கச்சி, எல்லாம் இழந்தனான், பாருங்கோ இப்ப எப்பிடி நிக்கிறன், நீங்களும் எழும்பலாம்." அவ நல்லதுக்குத்தான் சொன்னா. எனக்குக் கேட்டது என்னவென்றால், அவ எழும்பிவிட்டா, நான் எழும்பவில்லை, ஆகவே பிழை என்னில்தான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் யாருக்கும் கதவு திறக்கவில்லை. அதற்குள் திட்டம் முடிந்துவிட்டது என்று அவவும் வருவதை நிறுத்திவிட்டா.

எனக்கு உதவினவ வேறு ஆள். பெரிய படிப்பு இல்லை, சமூகத் தொண்டர்தான். முதல் நாள் வந்தபோது நான் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தேன், விதைக்கிறதுக்கு. ஒன்றும் கேட்கவில்லை, பாயில் இருந்து தானும் உடைக்கத் தொடங்கிவிட்டா. ஒரு சாக்குக் கச்சான் முடிகிற வரைக்கும் நாங்கள் மழையைப் பற்றியும் பன்றி வந்து தோட்டத்தைக் கிண்டுவதைப் பற்றியும்தான் கதைத்தோம். போகும்போது, அடுத்த செவ்வாய் வரட்டா என்று என்னிடம் கேட்டா. யாரும் என்னிடம் கேட்டு வந்ததில்லை, வருவார்கள், அவ்வளவுதான். அவ இரண்டு வருடம் வந்தா. அண்ணாவைப் பற்றி நான் நாலாவது மாதம் சொன்னேன்.

தம்பி, உங்களால் எவ்வளவு காலம் நிற்க முடியும் என்று முதலில் யோசியுங்கள். ஐந்து பேரைப் பிடித்து நடுவில் விடுவதைவிட ஒருவனோடு கடைசி வரைக்கும் நில்லுங்கள். எங்கள் சனம் விடுபட்டு விடுபட்டுப் பழகிப்போன சனம்.

ஒட்டுசுட்டான் வாத்தியார்:

நல்ல பதில்கள். நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், இந்தத் துறை எனக்குத் தெரியாது, ஆனால் தம்பியின் கேள்விக்குப் பக்கத்தில் வைக்க இரண்டு கதைகள் தெரியும்.

ஒன்று, சென்னையில் சாந்தி ரங்கநாதன். கணவர் குடியால் இறந்துபோக, 1980 இல் அந்த அம்மையார் குடிநோயாளருக்கென்றே ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். குடி என்பது கெட்ட பழக்கம், அடித்துத் திருத்த வேண்டியது என்று எல்லோரும் நினைத்த காலத்தில், அது நோய் என்று சொல்லிப் படுக்கை போட்டார். 1992 இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குடித்தவர் இல்லை, குடித்தவரின் மனைவி, ஆகவே குடும்பத்தையும் கூப்பிட்டு இருத்தி வைத்தியம் செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மற்றது, 1935 இல் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் இரண்டு குடிகாரர் சந்தித்த கதை. ஒருவர் பங்கு வியாபாரம் செய்தவர், மற்றவர் சத்திர சிகிச்சை வைத்தியர். வியாபாரி குடியை விட்டுச் சில மாதம்தான், வெளியூரில் தொழில் கைநழுவிப்போய்த் தனியாக நிற்கும்போது மறுபடியும் குடிக்க மனம் இழுக்கிறது. அந்த நேரம் அவர் தேடியது வைத்தியரையோ பாதிரியாரையோ அல்ல, கதைப்பதற்கு இன்னொரு குடிகாரரை. அந்தச் சந்திப்பிலிருந்துதான் குடியை விட்டவர்கள் கூடும் குழுக்கள் உலகம் முழுக்கப் பரவின. அங்கே யாரும் உளவளத்துணையாளர் இல்லை. எல்லோரும் ஒரே வரிசைக் கதிரையில் இருப்பவர்கள், அங்கே தன் கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டும் வேறு வேறு வேலை தம்பி. அக்கா சொல்கிற கதிரையில் உங்கள் கதைக்கு இடம் குறைவு. இந்தக் கதிரையில் கதைதான் எல்லாம். டிப்ளோமா கிடைக்கும் வரை காத்திருக்காமல், உங்கள் ஊர் வாசிகசாலையில் கிழமைக்கு ஒருநாள் விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடி இருக்க ஒரு வாங்கு போடலாமே. சனசமூக நிலையத் தலைவரோடு கதைத்துப் பாருங்கள்.

முறிகண்டித் தம்பி:

எல்லோருக்கும் நன்றி. வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் இதையெல்லாம் வாசித்துவிட்டுப் பின்னேரம் வரைக்கும் எனக்குக் கையில் வேலை ஓடவில்லை.

அக்கா, வலிப்பு விஷயத்தை அண்ணாவிடம் நான் சொல்லவில்லை. வெட்கம். அவர் என்னை நம்பினவர். நேற்று இரவு போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாளைக்குப் பின்னேரம் கிணத்தடிக்கு வாறன்" என்றார்.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்தப் பெடியன் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு என்னோடு கதைப்பதில்லை. மறுபடியும் குடிக்கிறான் என்று கேள்வி. நான் போய் மன்னிப்புக் கேட்கவா, விடவா?

கரைச்சி அக்கா:

போங்கள். ஒரு வசனத்தில் கேளுங்கள், எனக்குத் தெரியாமல் உன்னை ஆபத்தில் போட்டுவிட்டேன் என்று. உங்களுக்கு நித்திரை வரவில்லை என்பதை அவனிடம் சொல்லாதீர்கள், அதை அவன் சுமக்க வேண்டியதில்லை. அது அண்ணாவுக்குச் சொல்ல வேண்டியது. மறுபடியும் குடிக்கிறான் என்பதைக் குற்றமாகக் கதைக்க வேண்டாம், இந்த நோயில் திரும்ப விழுவது வழமை, நீங்களும் எத்தனை தரம் விழுந்திருப்பீர்கள். அவன் கிளினிக்குப் போகச் சம்மதித்தால் துணைக்கு வருவேன் என்று மட்டும் சொல்லுங்கள். சொன்னால் போக வேண்டும்.

முறிகண்டித் தம்பி:

ஒரு கிழமை கழித்து எழுதுகிறேன், யாராவது இதை இன்னும் பார்க்கிறீர்களோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மோட்டார் சைக்கிளை வாய்க்கால் கட்டில் விட்டுவிட்டு நடந்துதான் போனேன். அவன் முற்றத்தில் மருந்தடிக்கிற மெசினைக் கழற்றிப் போட்டு வைத்திருந்தான், வாஷர் போய்விட்டதாம். அக்கா சொன்ன ஒரு வசனத்தைச் சொன்னேன். அவன் நிமிரவில்லை. பிறகு, "அதைப் பிடி அண்ணை" என்று குழாயை என் கையில் தந்தான். ஒரு மணித்தியாலம் அதைப் பூட்டினோம். அவனுடைய அம்மா இரண்டு தரம் வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போனா.

மெசின் வேலை செய்த பிறகு அவனே கேட்டான், அங்கே போனால் வார்ட்டில் போட்டுப் பூட்டி வைப்பார்களா என்று. இல்லை, நான் இருந்த வார்ட்டில் யன்னலால் பார்த்தால் பலா மரம் தெரியும் என்றேன். எத்தனை நாள் என்றான். எனக்கு எட்டு நாள், உனக்கு டொக்டர்தான் சொல்ல வேண்டும் என்றேன். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது அவனுக்கு.

நாளைக்குக் காலை ஏழு மணி பஸ்ஸில் போகிறோம். மேசன் வேலைக்கு நாளை வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அண்ணா அங்கே வாசலில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.